கோத்துக் கொடுத்துவிட்டுப் போகும் செம்பு

பினாங்கின் கெலுகோரில் என் வீட்டு வரவேற்பறையில் வாரம் இரண்டு மாலை ஆறாம் படிவ மாணவர்கள் வேதியியல் படிக்க வருவார்கள். அணைவுச் சேர்மங்கள் (நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள்) பகுதி முடியும் நாளில் தேர்வுக்கு வராத ஒன்றைக் கடைசி அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். இந்த முறை பலகையில் நான்கு படங்கள் வரைந்தேன். முதல் படத்தில் ஒரு வளையம், ஒரு திறந்த இழை, ஒரு செம்பு அயனி. இரண்டாவதில் இழை வளையத்துக்குள் நுழைந்திருக்கிறது, இரண்டும் செம்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மூன்றாவதில் இழையின் இரு முனைகளும் சேர்ந்து அதுவும் வளையமாகிவிட்டது. நான்காவதில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையங்கள் மட்டும் இருந்தன.

முன்வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், மூணாவது படத்துல நடுவுல காப்பர் இருக்கு. நாலாவதுல காணோமே, எங்க போச்சு?"

சயனைடு சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்றேன்.

"கடைசில எடுக்கப் போறாங்கன்னா அப்புறம் எதுக்கு வச்சாங்க?"

அரை மணி நேரத்தில் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. கோத்த மூலக்கூறுகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும் என்று எனக்குத் தோன்றுவதால், அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தங்கச் சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு வளையங்களைப் பாருங்கள். ஒவ்வொரு வளையமும் தன் வாயைத் தானே மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பற்றவைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றை வெட்டாமல் மற்றதைப் பிரிக்க முடியாது. மூலக்கூறுகளிலும் இதைச் செய்யலாம். இரண்டு வளைய மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். அவற்றுக்கிடையே எலக்ட்ரான் பகிர்ந்த பிணைப்பு, அதாவது சகப்பிணைப்பு, ஒன்றுகூட இருக்காது. பிரிக்க வேண்டுமென்றால் ஏதோ ஒரு வளையத்தின் உண்மையான பிணைப்பை உடைத்தாக வேண்டும். இதற்குக் கேட்டனேன் என்று பெயர். லத்தீனில் சங்கிலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்னொரு வகை ரோட்டாக்ஸேன். ஓர் அச்சு, அதில் ஓடும் ஒரு வளையம், வளையம் கழன்று போகாதபடி அச்சின் இரு முனைகளிலும் பருமனான தடுப்புகள். ஜோர்ஜ்டவுனின் பழைய சீன மருந்துக் கடைகளில் மணிச்சட்டம் வைத்துக் கணக்குப் பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பியில் மணி ஓடும், ஆனால் வெளியே வராது. மூன்றாவது வகை முடிச்சு. ஒரே இழை தனக்குள் தானே புகுந்து வந்து முனைகள் சேர்ந்துவிடும்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாருக்குப் பக்கத்துச் சந்தில், எனக்குத் தெரிந்த ஒரு வயதான ஆசாரி இருக்கிறார். அவர் சங்கிலி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மெல்லிய கம்பியை ஓர் இரும்புக் குச்சியில் நெருக்கமாகச் சுற்றுவார். சுற்றின் மேல் நீளவாக்கில் அறுத்தால் வாய் திறந்த வளையங்கள் உதிரும். இடுக்கியால் ஒன்றைப் பிடித்து, ஏற்கெனவே மூடிய வளையத்துக்குள் மாட்டி, வாயை நெருக்கி, வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதுவார். மாட்டு, மூடு, ஊது. மறுபடி மாட்டு, மூடு, ஊது. அவ்வளவுதான் சங்கிலி.

வேதியியலாளரிடம் இடுக்கி இல்லை. குடுவைக்குள் கோடானுகோடி மூலக்கூறுகள் உருண்டுகொண்டிருக்கும். எந்த இழையையும் கையால் பிடித்து எந்த வளையத்துக்குள்ளும் விட முடியாது. திறந்த வளையங்களையும் மூடிய வளையங்களையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் என்ன ஆகும் என்று ஆசாரியிடம் கேட்டேன். "ஒண்ணு ரெண்டு மாட்டும்மா. அதை நம்பி நகை செய்ய முடியுமா?" என்றார்.

அவர் சொன்னதைத்தான் 1960-இல் எடெல் வாஸர்மன் செய்து காட்டினார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 34 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு வளைய ஹைட்ரோகார்பனை எடுத்துக்கொண்டார். அதில் சில ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியத்தை வைத்தார். அது ஓர் அடையாளப் பொட்டு மாதிரி. அந்த வளையங்கள் நிறைந்த கரைசலிலேயே, 34 கார்பன் நீளமுள்ள இன்னொரு சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கினார். மூடுகிற அந்த நொடியில் தற்செயலாகச் சில இழைகள் வளையத்துக்குள் புகுந்திருக்கும் அல்லவா? பிறகு புதிய வளையங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தபோது அவற்றோடு டியூட்டீரியத்தின் அடையாளமும் ஒட்டிக்கொண்டு வந்தது. புதிய வளையத்தை உடைத்ததும் பழைய வளையம் முழுசாக வெளியே வந்து விழுந்தது. கோத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் கிடைத்த அளவு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதற்குப் பின் வந்த முயற்சிகள் பொறுமையின் உச்சம். 1964-இல் ஜெர்மனியில் லுட்ரிங்ஹவுஸும் ஷில்லும் சகப்பிணைப்புகளால் ஒரு பெரிய மூலக்கூறைப் படிப்படியாகக் கட்டி, இழையை வளையத்துக்குள் நிற்கும்படி வைத்து, கடைசியில் இரண்டையும் இணைத்த பிணைப்பை மட்டும் வெட்டினார்கள். வழி சரியானதுதான், ஆனால் படிகள் ஏராளம். 1967-இல் ஹாரிசன் தம்பதி ரெசின் மணிகளின் மேல் வளையங்களை ஒட்டிவைத்து, அச்சுக்குரிய பொருளை அதன் வழியே 70 முறை திரும்பத் திரும்பச் செலுத்தி முதல் ரோட்டாக்ஸேனைப் பெற்றார்கள். விளைச்சல் 6 விழுக்காடு. எழுபது முறை! இந்தத் துறை ஆய்வகத்தின் காட்சிப் பொருளாகவே நின்றுபோனதில் வியப்பில்லை.

பிறகு 1983. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜான்-பியேர் சோவாஜ், கிறிஸ்டியான் டீட்ரிச்-புஷெக்கர், ஜான்-பியேர் கிண்ட்ஸிங்கர் மூவரும் ஒரு கேட்டனேனை 42 விழுக்காடு விளைச்சலில் செய்தார்கள். ஒன்றுக்கும் குறைவாக இருந்தது நாற்பத்திரண்டு ஆனது. சோவாஜ் அப்போது கோத்த வளையங்களைத் தேடிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவருடைய வேலை சூரிய ஒளியை வேதி ஆற்றலாக மாற்றுவது. அதற்காக, ஒளியை நன்றாக உறிஞ்சும் செம்பு அணைவுகளைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த அணைவின் வடிவத்தைப் பார்த்தபோது, செம்பைப் பிடித்திருக்கும் இரண்டு மூலக்கூறுகளும், அதாவது லிகண்டுகளும், அதைச் சுற்றி ஒன்றையொன்று பின்னியபடி நிற்பது கண்ணில் பட்டது. முனைகளை மட்டும் சேர்த்துவிட்டால் சங்கிலி. வேறு எதற்காகவோ செய்த மூலக்கூறில் இதைப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

அந்த வடிவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் சூட்சுமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

லிகண்டின் பெயர் ஃபினாந்த்ரோலின். தமிழ்ப் பாடநூல்கள் லிகண்டை ஈனி என்கின்றன. இரும்புச் சோதனையில் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் தருவது இதே ஃபினாந்த்ரோலின்தான். தட்டையான, விறைப்பான மூலக்கூறு. ஒரே பக்கம் பார்த்தபடி இரண்டு நைட்ரஜன்கள். இரண்டும் சேர்ந்து ஓர் உலோக அயனியைக் கிடுக்கிபோலப் பிடிக்கும். அந்த நைட்ரஜன்களின் இருபுறமும் நீண்ட கைகளை ஒட்டவைத்தால் மூலக்கூறு ப என்ற எழுத்தைப் போல ஆகிவிடும். ப-வின் வாய்க்குள் உலோகம் உட்காரும்.

இனி செம்பு. ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்த செம்பு அயனிக்கு, எலக்ட்ரான்கள் குடியிருக்கும் டி ஆர்பிட்டால்கள் பத்து எலக்ட்ரான்களால் நிரம்பியிருக்கும். நிரம்பிவிட்டதால் இந்தத் திசைதான் வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு இல்லை. நான்கு நைட்ரஜன்கள் வந்தால் அவை ஒன்றையொன்று இடிக்காமல் எவ்வளவு விலகி நிற்க முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும். அதுதான் நான்முகி. இரண்டு ப-க்கள் ஒரே செம்பைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒன்று படுத்திருக்க வேண்டும், மற்றது எதிர்ப்பக்கத்திலிருந்து நிமிர்ந்து வர வேண்டும். செங்குத்தான குறுக்கு. வேறு வழியே இல்லை.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு லீமாவ் கஸ்தூரியும் இரண்டு துண்டுக் கம்பியும் போதும். அந்தச் சின்ன எலுமிச்சைதான் செம்பு. ப போல வளைத்த ஒரு கம்பியை வலப்பக்கத்திலிருந்து படுக்கவைத்து மாட்டுங்கள். இன்னொன்றை இடப்பக்கத்திலிருந்து நிமிர்த்தி மாட்டுங்கள். கம்பிகளின் முனைகள் பழத்தைத் தாண்டி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். வலக்கம்பியின் இரு முனைகளையும் இடக்கம்பியின் முதுகுக்குப் பின்னால் நூலால் இணையுங்கள். இடக்கம்பியின் முனைகளையும் அதேபோல வலக்கம்பியின் முதுகுக்குப் பின்னால். இப்போது பழத்தைப் பிதுக்கி எடுத்துவிடுங்கள். இரண்டு வளையங்களும் கோத்தபடியே கையில் தொங்கும்.

சோவாஜ் குழு ஒரு வளையத்தை முதலிலேயே மூடி வைத்துக்கொண்டது. அந்த வளையம், செம்பு, ஒரு திறந்த ஃபினாந்த்ரோலின் இழை, மூன்றையும் கலந்தார்கள். இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். இரண்டு வளையங்கள் ஒரே செம்பைப் பிடித்துவிட்டால்? இரண்டு திறந்த இழைகள் ஒரே செம்பைப் பிடித்துவிட்டால்? கலவை கந்தலாகிவிடாதா?

ஆகாது. ஏற்கெனவே மூடிய இரண்டு வளையங்களால் ஒன்றுக்குள் ஒன்று புக முடியாது. எனவே ஒரே செம்பை இரண்டு பக்கமும் சேர்ந்து அணைக்கவும் முடியாது. அந்தச் சேர்க்கை அடிபட்டுப் போகிறது. இரண்டு திறந்த இழைகள் சேரலாம். ஆனால் அப்படிச் சேர்ந்தால் வளையங்கள் பக்கம் இருக்கும் செம்புக்கு நான்கு நைட்ரஜன் கிடைக்காது, பாதிப் பசியோடு நிற்கும். ஒவ்வொரு செம்புக்கும் நான்கு நைட்ரஜன், ஒவ்வொரு நைட்ரஜன் சோடிக்கும் ஒரு செம்பு என்ற கணக்கு நேராவது ஒரே ஏற்பாட்டில்தான்: ஒரு வளையம், ஒரு செம்பு, வளையத்துக்குள் நுழைந்த ஓர் இழை. செம்பின் பிணைப்புகள் விட்டுவிட்டுப் பிடிக்கக்கூடியவை. தப்பாகச் சேர்ந்தவை பிரிந்து, மறுபடி சேர்ந்து, கடைசியில் எல்லாம் அந்த ஏற்பாட்டில் வந்து அடங்கிவிடும். யாரும் இழையைப் பிடித்து உள்ளே விடவில்லை. கணக்கே உள்ளே விட்டது. வேதியியலில் இதைவிட அழகான வாதம் எனக்குத் தெரியாது.

இழை நுழைந்த பிறகுதான் மூடும் வேலை. நீளமான, வளைந்து கொடுக்கும் ஓர் ஈதர் சங்கிலியின் இரு முனைகளிலும் அயோடின் வைத்து, சீசியம் கார்பனேட் துணையோடு இழையின் இரு முனைகளையும் அதனால் இணைத்தார்கள். கரைசல் நல்ல அடர் சிவப்பு. கடைசியில் பொட்டாசியம் சயனைடு. நைட்ரஜனைவிட இறுக்கமாகச் செம்பைப் பிடிக்கும் சயனைடு, அயனியை உருவிக்கொண்டு போய்விடும். சிவப்பும் அதோடு போய்விடும். ஒட்டியிருந்த இரண்டு ஃபினாந்த்ரோலின்களும் விலகி, வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி வசதியாக வேறு நிலையில் அமர்ந்துகொள்கின்றன என்பதைப் பிறகு எடுத்த படிக அமைப்பு காட்டியது. விலகலாம், பிரிய முடியாது.

ஆக, அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேரான பதில் ஆசாரியின் பட்டறையிலேயே இருக்கிறது. இரண்டு துண்டுகளை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பற்றவைக்க வேண்டுமென்றால் அவர் மெல்லிய இரும்புக் கட்டுக்கம்பியால் இரண்டையும் இறுக்கிக் கட்டுவார். ஊதி முடித்ததும் கம்பியை நறுக்கி எறிந்துவிடுவார். நகையில் அதன் சுவடே இருக்காது. ஆனால் அந்தக் கம்பி இல்லாமல் அந்தக் கோணம் கிடைத்திருக்காது. செம்பு செய்தது அதே வேலைதான். இரண்டு இழைகளைக் குறுக்காக நிறுத்தி, வாய் மூடும் வரை அசையாமல் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது பிணைப்பு அல்ல, இடம்.

ஒரு குறுக்கைச் செய்யத் தெரிந்துவிட்டால் அடுத்ததாக எத்தனை குறுக்குகள் என்ற கேள்விதான். நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் கோட்டில் விரலை வைத்துத் தொடர்ந்தால், சில கோலங்களில் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும். சிலவற்றில் இரண்டு மூன்று தனித்தனிக் கோடுகள் பின்னியிருக்கும். கோடு கோட்டைக் கடக்கும் இடங்களில் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் போவதாக வைத்துக்கொண்டால், ஒரே கோட்டுக் கோலம் பெரும்பாலும் ஒரு முடிச்சு, பல கோட்டுக் கோலம் ஒரு சங்கிலி. தீபாவளிக்குக் கடைத்தொகுதிகளில் வண்ண அரிசியில் போடும் பெரிய கோலங்களில் பிள்ளைகளை இதை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். எண்ணத் தொடங்கினால் அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள்: முக்கியம் கோட்டின் நீளம் அல்ல, குறுக்குகளின் எண்ணிக்கையும் மேல்கீழ் வரிசையும்தான்.

சோவாஜ் குழு இதே கணக்கைச் செம்பில் போட்டது. இரண்டு நீண்ட இழைகள் ஒரு செம்பைச் சுற்றிப் பின்னி முனைகள் சேர்ந்தால் இரண்டு குறுக்குகள், அது சாதாரணச் சங்கிலி. ஒவ்வோர் இழையிலும் இரண்டு ஃபினாந்த்ரோலின் வைத்து இரண்டு செம்புகளைச் சுற்றிப் பின்னினால் இரட்டைச் சுருள் உண்டாகும். முனைகளைச் சேர்த்தால் மூன்று குறுக்குகள், ஒரே இழை: மூவிலை முடிச்சு. 1989-இல் டீட்ரிச்-புஷெக்கரும் சோவாஜும் அதைச் செய்தார்கள். மூன்று செம்புகள் வைத்தால் நான்கு குறுக்குகள், இரண்டு முறை பின்னிய சங்கிலி. அதையும் சில ஆண்டுகளில் செய்துவிட்டார்கள். ஒரு செம்பு கூடினால் ஒரு குறுக்கு கூடும். மூவிலை முடிச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பதுபோல முடிச்சிலும் இரண்டு வகை. ஒன்று மற்றதன் கண்ணாடி உருவம். எவ்வளவு திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது.

ஆனால் 1989-இல் அந்த முடிச்சின் விளைச்சல் வெறும் 3 விழுக்காடு. செம்பு தன் வேலையைச் சரியாகச் செய்தது, குறை மூடுகிற வேலையில் இருந்தது. இழைகள் சரியான இடத்தில் நின்றாலும் முனைகளைச் சேர்க்கும் வினை மெதுவானது, திரும்பாதது. தப்பான முனையோடு ஒருமுறை சேர்ந்துவிட்டால் போனது போனதுதான். 1990-களின் பிற்பாதியில் ராபர்ட் கிரப்ஸ் உருவாக்கிய ருத்தேனியம் வினையூக்கி வந்து இதைத் தீர்த்தது. கார்பன் இரட்டைப் பிணைப்புகளை இடம் மாற்றிச் சேர்க்கும் வினை அது. மென்மையானது, செம்பைத் தொந்தரவு செய்யாதது. 1997-இல் அதைக்கொண்டு செம்பு கோத்த கேட்டனேன் 92 விழுக்காடு கிடைத்தது. மூவிலை முடிச்சு 74-க்கு ஏறியது. பின்னுவது ஒரு கலை, முடிவது இன்னொரு கலை. பூக்கட்டுபவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

செம்போடு கதை நிற்கவில்லை. ஜப்பானின் மகோதோ ஃபுஜிதா உலோகத்தை வளையத்தின் உடம்பிலேயே ஓர் அங்கமாக வைத்தார். பல்லேடியம் வளையங்கள் தாமாகவே திறந்து மூடி, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். 1995-இல் பல்லேடியத்துக்குப் பதில் பிளாட்டினம் வைத்தார். பிளாட்டினத்தின் பிடி சாதாரணமாகத் தளராது, பூட்டு மாதிரி. நிறைய உப்பு சேர்த்துச் சூடாக்கினால் பூட்டு திறக்கும். அந்த நேரத்தில் வளையங்கள் கோத்துக்கொள்ளும். ஆறவைத்து உப்பை நீக்கினால் மறுபடி பூட்டிக்கொள்ளும். 2004-இல் ஃப்ரேஸர் ஸ்டோடார்ட் குழு ஆறு துத்தநாக அயனிகளைக் கொண்டு மூன்று வளையங்களை ஒரே அடியாகப் பின்னியது. அந்த மூன்றில் எந்த ஒன்றை வெட்டினாலும் மற்ற இரண்டும் தனித்தனியாகிவிடும். அதாவது எந்த இரண்டும் நேரடியாகக் கோத்தவை அல்ல, மூன்றும் சேர்ந்தால்தான் கோப்பு.

2006-இல், அப்போது எடின்பரோவில் இருந்த டேவிட் லீயின் குழு இன்னொரு படி தாண்டியது. அதுவரை உலோகம் பிடித்துக்கொண்டிருக்கும், மூடுவது வேறொரு வினை. லீ இரண்டையும் ஒரே செம்பிடம் கொடுத்தார். ஓர் அஸைடும் (மூன்று நைட்ரஜன் வரிசையாக உள்ளது) ஓர் அல்கைனும் (கார்பன் முப்பிணைப்பு உள்ளது) சேரும் வினைக்குச் செம்புதான் வினையூக்கி. அந்தச் செம்பை ஒரு வளையத்தின் நடுவில் உட்காரவைத்தால், புதிய பிணைப்பு வளையத்தின் துளைக்குள்ளேயே உருவாகும். ஒரு பக்கத்திலிருந்து ஒரு பாதி அச்சு, மறுபக்கத்திலிருந்து மறுபாதி, சந்திப்பு நடுவில். ரோட்டாக்ஸேன் தயார், விளைச்சல் 94 விழுக்காடு வரை. வேலை முடிந்த செம்பு அடுத்த வளையத்துக்குப் போகவும் முடியும் என்பதால், போதிய சூழ்நிலை அமைந்தால் கொஞ்சம் செம்பே போதும். 70 முறை செலுத்தி 6 விழுக்காடு பெற்ற ஹாரிசன் தம்பதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே லீயின் குழு 2017-இல் எட்டுக் குறுக்குகள் கொண்ட முடிச்சைச் செய்தது. நான்கு இரும்பு அயனிகளைச் சுற்றி நான்கு இழைகள் பின்னும், நடுவில் ஒரு குளோரைடு அயனி ஆணிபோல் நிற்கும். முடிச்சின் சுற்று மொத்தம் 192 அணுக்கள், நீளம் சுமார் 20 நானோமீட்டர். 24 அணுக்களுக்கு ஒரு குறுக்கு என்ற இறுக்கத்துக்காக அப்போது கின்னஸ் சாதனைப் பட்டியலிலும் இடம் பிடித்தது.

இயற்கை இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோமா ஒட்டுண்ணிக்குள் ஆயிரக்கணக்கான சிறு டிஎன்ஏ வளையங்கள் போர்வீரனின் இரும்புக் கவசச் சட்டைபோல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கின்றன. அங்கே நொதிகள் ஓர் இழையை வெட்டி, மற்றதை உள்ளே விட்டு, மறுபடி ஒட்டுகின்றன. ஆசாரியின் முறை அது.

சரி, கோத்தாகிவிட்டது. அடுத்து அசைவு. பிணைப்பு இல்லாமல் சேர்ந்திருப்பவை என்பதால் ஒரு வளையம் மற்றதற்குள் சுழலலாம், அச்சில் ஓடலாம். அந்த ஓட்டத்தை நாம் சொல்லும்போது நடத்த முடிந்தால் அது இயந்திரம். 1994-இல் சோவாஜ் குழு இதற்கும் செம்பையே கூப்பிட்டது. ஒரு வளையத்தில் ஃபினாந்த்ரோலின் மட்டும். மற்றதில் ஒரு பக்கம் ஃபினாந்த்ரோலின், மறுபக்கம் மூன்று நைட்ரஜன் கொண்ட டெர்பிரிடின். ஓர் எலக்ட்ரான் இழந்த செம்புக்கு நான்கு நைட்ரஜன் போதும், எனவே இரண்டு ஃபினாந்த்ரோலின்களுக்கு நடுவில் நிற்கும். இன்னும் ஓர் எலக்ட்ரானைப் பறித்தால் அதற்கு ஐந்து வேண்டும். வளையம் அரைச்சுற்றுச் சுழன்று டெர்பிரிடினை முன்னால் கொண்டுவரும். கரைசல் சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும். எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி பழைய இடம். 2000-இல் இதே தத்துவத்தில், இரண்டு மூலக்கூறுகள் ஒன்றின் வளையத்துக்குள் மற்றதன் இழையை விட்டபடி சுருங்கி விரியும் மூலக்கூறுத் தசையைச் செய்தார்கள். செம்பை எடுத்துத் துத்தநாகம் வைத்தால் சுமார் 8 நானோமீட்டர் நீளம் சுமார் 6.5-க்குச் சுருங்கும்.

2016-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் சோவாஜ், ஸ்டோடார்ட், பென் ஃபெரிங்கா மூவருக்கும் மூலக்கூறு இயந்திரங்களுக்காகக் கொடுக்கப்பட்டது. அப்போது செய்திகளில் நானோ மோட்டார், நானோ கார் படங்கள்தான் நிறைந்திருந்தன. அவை அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் என் மனத்தில் பெரியது 1983-இன் அந்த 42 விழுக்காடு. அதற்கு முன் கோப்பு என்பது குருட்டாம்போக்கு. அதற்குப் பின் அது திட்டமிட்டுச் செய்யும் வேலை. இயந்திரம் பிறகு வந்தது, வந்திருக்க முடிந்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்கள் உடனே கேட்பது, இதை வைத்துச் சில்லு செய்யலாமா என்பதுதான். 2007-இல் ஸ்டோடார்ட், ஜேம்ஸ் ஹீத் குழுக்கள் ரோட்டாக்ஸேன் வளையத்தின் இரண்டு நிலைகளை 0, 1 என்று வைத்து 1,60,000 பிட் நினைவகம் ஒன்றைச் செய்து காட்டின. அதில் பல பிட்கள் சரியாக வேலை செய்யவில்லை, ஓடியவையும் நீண்ட நாள் தாங்கவில்லை. அது கோத்த மூலக்கூறு மின்கம்பிகளுக்கு நடுவில் நிற்க முடியும் என்று காட்டிய சோதனை. கடைக்கு வரும் சரக்கு அல்ல. பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடுவேன். இந்தத் துறையில் இப்போதே பயன் தேடினால், வினையூக்கிகளிலும் அயனிகளை அடையாளம் காணும் உணர்விகளிலும் வளையத்தின் குழிவை ஒரு சிறு அறைபோலப் பயன்படுத்துவதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். செம்பு போன பிறகு அது நின்ற இடம் காலியாக, அதே அளவில், நைட்ரஜன்கள் சூழ இருக்கும். லித்தியம், வெள்ளி, துத்தநாகம், கோபால்ட் என்று வேறு அயனிகள் வந்து அதில் அமரும். செம்பையே மறுபடி சொட்டினாலும் கரைசல் மறுபடி சிவக்கும்.

அடுத்த வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். கோக்காத திறந்த லிகண்டுகள் பிடித்திருக்கும் செம்பைச் சயனைடு சீக்கிரம் எடுத்துவிடும். கோத்த வளையங்கள் பிடித்திருக்கும் செம்பை எடுக்க அதே சயனைடுக்கு மிக அதிக நேரம் பிடிக்கும். நைட்ரஜன்கள் அதே நைட்ரஜன்கள், செம்பும் அதே செம்பு. ஏன்?

அவள் கம்பி இரண்டையும் லீமாவ் கஸ்தூரியையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நூல் கட்டாத கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், வழுக்கி வந்துவிட்டது. நூல் கட்டி மறுபடி இழுத்தாள். வளையம் நகர்ந்தது, பழத்தைச் சுற்றியே நின்றது.

"திறந்திருந்தா அது அவுந்து ஓரமாப் போயிடும் டீச்சர். வளையமா இருந்தா எங்க போகும்? காப்பர விட்டாலும் பக்கத்துலயேதானே நிக்கும், திரும்பப் பிடிச்சிக்கும்."